வியாழக்கிழமை விழாத மலை

மலையுச்சி விரிசலுக்குள் கல்லைப் போட்டால் அது அடியில் விழுந்த சத்தமே கேட்கவில்லை. குட்வேய் இரண்டு கல் போட்டுப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

ஒடுங்கிய நீரில் அலை எப்படி ஓடும் என்று முதன்முதலில் கணக்கெழுதியவள் அவள். தலைநகரில் பேராசிரியை. கோடை விடுமுறைக்கு அக்காள் தூர்போர்க்கின் வீட்டுக்கு வந்தபோது, ஆடு தேடிப் போன அக்காள்தான் அந்த விரிசலைக் காட்டினாள். குட்வேய் இரு பக்கமும் இரும்பு முளை அடித்து, தினமும் ஏறிப்போய் அளந்தாள். முதல் வாரம் அரை விரற்கடை விலகியது. அடுத்த வாரம் இரண்டு. அப்புறம் நாலே நாளில் ஐந்து.

புள்ளிகளைத் தாளில் குறித்துக் கோட்டை நீட்டினாள். கோடு வியாழக்கிழமையில் போய் முட்டியது; அன்றுதான் பாறை பிய்ந்து விழும். அந்தப் பாறை கீழே ஃபியோர்டின், மலைகளுக்கு நடுவே நீளும் அந்த ஒடுங்கிய கடலின், கறுத்த தண்ணீரில் சரிந்தால், எழும்பும் அலை கரையோரத்துப் பதினோரு வீட்டையும் வழித்துக்கொண்டு போகும். அக்காள் வீடு அதில் மூன்றாவது. கணக்கு எங்காவது தப்பாயிருக்க வேண்டும் என்ற ஆசையோடு திரும்பத் திரும்பப் போட்டாள். தப்பு அகப்படவில்லை.

"புல்லு காயிற நேரம். வீட்டை விட்டுட்டு மேல போய் உக்காரச் சொல்றீங்க. மழை வந்தா உங்க கணக்கு வந்து அள்ளுமா?" என்றார் ஊர்ப் பெரியவர் ஊலுஃப்.

"அள்ளுறதுக்கு ஆளு இருக்கணும்ல?" என்றாள்.

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. புதன்கிழமையே எல்லோரும் மேட்டுக் கொட்டகைகளுக்கு ஏறிவிட்டார்கள்.

வியாழன் முழுக்க வெயில் அடித்தது. மலை அசையவில்லை. சாயங்காலம் காப்பி ஆற்றிக்கொண்டே அக்காள் புருஷன் ஆன்ஃபின் கேட்டான்: "என்ன கொழுந்தியா, மலை இன்னிக்கு லீவா?"

கொட்டகையே சிரித்தது. அவளும் சிரித்தாள். தான் தோற்றதில் அவளுக்கு அத்தனை நிம்மதி.

"இன்னும் ரெண்டு நாள் பொறுங்க அத்தான்" என்றாள். குரலில் அழுத்தமில்லை.

"வலை கடல்லயே கெடக்கு. எடுத்துட்டு ஓடியாந்துர்றேன்."

வெள்ளி காலை ஆறு பேர் இறங்கிப் போனார்கள். குட்வேய் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு மேலே ஏறினாள். எதிர்முளை நாடா எட்டாத தூரத்துக்குப் போயிருந்தது. பொடிக்கற்கள் சலசலவென்று உதிர்ந்தபடி இருந்தன. பறவை ஒன்றுகூட இல்லை.

"அத்தான்! ஏறி வாங்க!" என்று கத்திக்கொண்டே விரிசலை விட்டு விலகி, கொட்டகைப் பக்கச் சரிவில் ஓடினாள். அவள் குரலை மலையின் சத்தம் விழுங்கியது.

தண்ணீர் வடிந்தபோது கரையில் ஒரு வீடும் இல்லை. இரண்டு பேர் மட்டும் ஏறி வந்தார்கள். ஆன்ஃபின் வரவில்லை.

எழுபது உயிரைக் காத்தவள் என்று பத்திரிகைகள் எழுதின. அக்காள் கேட்டது ஒன்றுதான்: "முதல்லயே ஒரு நாள் கூட்டிச் சொல்லியிருக்கக் கூடாதாடி?"

கோடு ஒரு நாள் தள்ளிப்போகலாம் என்பது குட்வேய்க்குத் தெரியும். அன்று சிரித்த சிரிப்பில் அதை அழுத்திச் சொல்லாமல் விட்டிருந்தாள்.

அவள் தலைநகருக்குத் திரும்பவில்லை. இலையுதிர்காலம் வரைக்கும் அக்காள் பேசாமலேயே அவளுக்கு உருளைக்கிழங்கும் மீனும் எடுத்து வைத்தாள். ஒரு காலையில் கொட்டகை வாசலில் வந்து நின்றாள்.

"எதிர்க்கரை மலையிலயும் ஒரு வெடிப்பு இருக்காம். ஊலுஃப் பாத்தாராம். எந்திரிடி, போலாம்."