பலா இலை மீன்கள்

கல்கத்தா டாலிகஞ்ச் குடியிருப்பில் மூன்றாம் மாடி மித்ரா வீட்டுக்கு யார் போனாலும் முதலில் மீன்தொட்டிக்கு எதிரில்தான் உட்காரவைப்பார்கள். கையகல டிஸ்கஸ் மீன்கள் ஆறு, அத்தனையும் ஆரஞ்சு நிறம். பார்த்துவிட்டு வருகிறவர்கள் இரண்டாம் மாடியில் சாய்ராம் வீட்டைத் தாண்டி இறங்கும்போதும் அதைப் பற்றியே பேசிக்கொண்டு போவார்கள். இரண்டு வருஷம் அதைக் கேட்டுக் கேட்டுச் சாய்ராமுக்குப் பொறுக்கவில்லை. இந்தக் கல்கத்தாவில் யாரிடமும் இல்லாத மீனாக ஒன்று வாங்குவது என்று தீர்மானித்தார்.

துறைமுகத்தில் கங்கை ஆற்றின் ஆழம் அளக்கும் அதிகாரி அவர். தீர விசாரிக்காமல் எதிலும் இறங்கமாட்டார். மீன் விஷயத்தில் மட்டும், ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு வியாபாரி சொன்னதை அப்படியே நம்பினார்.

"அமேசான் ஆத்துச் சரக்கு, பாபு. இன்னொரு ஜோடி தேடினாலும் கிடைக்காது."

பிளாஸ்டிக் பைக்குள் இரண்டு மீன்களும் குட்டித் தோசை மாதிரித் தட்டையாகக் கிடந்தன. அவர் மனைவி அலமு பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"ஏன்னா, ரெண்டு கண்ணும் ஒரே பக்கம் இருக்கே! யாராவது மிதிச்சுட்டாளா?"

"தட்டை மீன்டி. குஞ்சா இருக்கறச்சே பக்கத்துக்கு ஒண்ணாத்தான் இருக்கும். வளர வளர ஒரு கண் நகர்ந்து இந்தப் பக்கம் வந்துடும்."

"பாவம், எதைப் பாக்கறதுக்கு இத்தனை கஷ்டப்பட்டுதோ!"

தொட்டியில் விட்டதும் இரண்டும் உடம்பை ஒரு தரம் சிலிர்த்தன. மணல் எழும்பி மெல்ல இறங்கியது. அதற்கப்புறம் மீன்களைக் காணோம். மறுநாளும் காணோம். மூன்றாம் நாள் மித்ரா மனைவியோடு பார்க்க வந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பத்து நிமிஷம் குனிந்து பார்த்தார். பண்பான மனிதர்.

"மணல் ரொம்ப நல்லாயிருக்கு, சாய்ராம் பாபு," என்று வங்க மொழியில் சொன்னார். "எங்கே வாங்கினீங்க?"

ஆற்றுக்கடியில் கிடக்கும் உடைந்த நங்கூரத்தைக்கூடக் கண்டுபிடித்துவிடும் சாய்ராமுக்கு, வீட்டுக்கூடத்தில் இரண்டு அங்குல மணலில் எது மீன், எது மணல் என்று விரல் வைத்துக் காட்ட முடியவில்லை.

கடையில் விற்கும் உருண்டைத் தீனியை அவை தொடவில்லை. புழுதான் வேண்டும் என்று அலமு போனில் பார்த்துத் தெரிந்துகொண்டாள். முட்டை போட்ட கேக்கை வாசலோடு திருப்பி அனுப்பும் வீடு அது. அலமு ஒரு நாள் முழுக்க யோசித்தாள். பட்டினி போட்டு ஒரு ஜீவனைக் கொல்வது புழு போடுவதைவிடப் பெரிய பாவம் என்று முடிவுக்கு வந்தாள். உறைய வைத்த சிவப்புப் புழுக்கட்டிகள் ஃப்ரீஸரில் தேங்காய்த் துருவலுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தன.

தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் கண்ணாடியை விரலால் தட்டினால் மணல் அசையும். முதலில் நாலு கண்கள் தெரியும். பிறகு இரண்டும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு ஊர்ந்து ஏறி வந்து அவள் விரலிலிருந்தே வாங்கித் தின்னும். சாய்ராம் நிழல் விழுந்தால் போதும், மறைந்துவிடும். அதனால் அந்த நேரத்தில் அவர் பால்கனியில் நிற்க வேண்டியதாயிற்று. மூன்றாம் மாடியிலிருந்து ஜனங்கள் இறங்கி வந்து பார்த்தார்கள். "அலமு பௌதியின் மீன்" என்று அண்ணி முறை வைத்துப் பேசிக்கொண்டே போனார்கள். சாய்ராம் பால்கனியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாம் மாதம் மீன்கள் சாப்பிடுவதை நிறுத்தின. நிறம் வெளுத்து மணலுக்கு மேலேயே கிடந்தன. கண்ணாடியில் ஏறும்போது அடிவயிறுதான் தெரியும்; இப்போதுதான் வந்தவர்களுக்கு முதுகு முழுசாகத் தெரிந்தது. மித்ராவின் மனைவி ஓடி வந்தாள்.

"ஓ மா! இது காட்டால்பாத்தா ஆச்சே!" என்றாள். "பலா இலை மாதிரி இருக்கறதால அந்தப் பேர். டயமண்ட் ஹார்பர்ல எங்கம்மா வீட்டுப் பக்கம் வலையில சும்மாவே வந்து விழும். கடுகு அரைச்சு விட்டு…" அலமுவின் முகத்தைப் பார்த்ததும் சமையலைப் பாதியில் நிறுத்தினாள். "கடல் தண்ணி கலக்கற இடத்து மீன், அலமு. வெறும் குழாய்த் தண்ணியில எப்படி இருக்கும்?"

அவள் போனபின் அலமு கணவன் பக்கம் திரும்பினாள். "அமேசான்னேளே?"

சாய்ராம் மின்விசிறியைப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷமாக அவர் துறைமுக லாஞ்சுப் படகில் அந்த மீன்களுக்கு மேலேதான் போய்வந்துகொண்டிருந்தார்.

"நாளைக்கு எங்க டியூட்டி?"

"டயமண்ட் ஹார்பருக்குக் கீழே."

"ரெண்டு கேன் எடுத்துண்டு போங்கோ."

லாஞ்சை ஓட்டும் நிமாய் மண்டல், அதிகாரி குனிந்து ஆற்றுத் தண்ணீர் மொள்வதை ஆச்சரியமாகப் பார்த்தார். "வீட்டுக்கா, சார்?"

"ஆமா, வீட்டுல ஒரு…"

"பூஜைக்கா?"

இரண்டு மீனுக்காக என்று சொல்ல சாய்ராமுக்கு வெட்கமாக இருந்தது. தலை தானாக ஆடிவிட்டது. நிமாய் செருப்பைக் கழற்றிவிட்டுக் கேனை வாங்கி, நடு ஆற்றில் தெளிவான இடமாகப் பார்த்து கங்கையை நிரப்பிக் கொடுத்தார்.

அலமு அதைத் தினம் கொஞ்சமாகக் கலந்துவிட்டாள். பத்தாம் நாள் இரண்டும் விரலைத் தேடி ஏறி வந்தன. வாராவாரம் கேன் போவது வழக்கமானது. மெட்ராஸ்காரர்களின் பக்தியே தனி என்று ஆபீஸில் பேச்சு பரவியது. மேலதிகாரி தன் தாயாருக்காக ஒரு பாட்டில் கேட்டு வாங்கிக்கொண்டார். செப்டம்பரில் தொழிற்கருவிகளுக்குச் செய்யும் விஸ்வகர்மா பூஜைக்கு சாய்ராம் சார்தான் தேங்காய் உடைக்க வேண்டும் என்று லாஞ்சு ஆட்கள் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள்.

"நான் என்ன பண்ணட்டும், அலமு?"

"மீனுக்குன்னு சொல்லிடுங்கோ."

"மேலதிகாரியோட அம்மா அந்தத் தண்ணியை தினம் தலையில தெளிச்சுக்கறாளாம்."

அலமு பீரோவைத் திறந்தாள். "வேஷ்டியை அயர்ன் பண்ணி வெக்கறேன்," என்றாள்.

தேங்காய் ஒரே அடியில் உடைந்தது. எல்லாரும் அதையும் அவர் பக்திக்கே வரவு வைத்தார்கள். பூஜை முடிந்ததும் நிமாய் இரண்டு கேன்களையும் தானே நிரப்பி, அவற்றின் கழுத்தில் சாமந்தி மாலை சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். வேஷ்டியும் நெற்றிப் பொட்டுமாக சாய்ராம் பஸ் ஏறினார். கூட்டம் வழிந்தது. ஜன்னலோரம் இருந்த ஒரு அம்மாள் கேன்களைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு எழுந்து இடம் கொடுத்தாள்.

சாய்ராம் உட்கார்ந்துகொண்டார்.