துணியால் கட்டிய வீடு

தையல்காரிக்கு வீடு கட்ட இன்னும் அனுமதி வரவில்லை. ஆனால் அவள் எப்போதோ குடிபோய்விட்டாள். வாங்கிய மனையில் குச்சிகளை நட்டு, மிச்சத் துணிகளைக் கிழித்து அறை அறையாகக் கட்டியிருந்தாள். நீலம் சமையலறை, சிவப்பு தையல் கடை, மஞ்சள் அக்காவின் அறை. சாயங்காலமானால் நீலத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்வாள். சிவப்பில் மெஷின் ஓடுவதுகூட அவளுக்குக் கேட்கும். "கதவு எங்கன்னு சொல்லு, சுவத்துல முட்டிக்கப் போறேன்" என்று கணவன் கிண்டலடிப்பான்.

கணவனை இழந்த அக்கா, அண்ணன் வீட்டு நடையில் படுத்துக் கிடந்தாள். அவளுக்கென்று ஒரு கதவாவது வேண்டும் என்பதே தங்கைக்கு ராத்திரி பகல் நினைப்பு. கடையும் சும்மா ஆசையில்லை. வாடகைக் கடையின் இருட்டில் ஊசிக்கு நூல் கோத்துக் கோத்தே கண் பூத்துப்போனவள் அவள்.

நில அனுமதி அலுவலகத்து அதிகாரியம்மா மழை விட்ட மறுநாள் வந்தார். அதுதான் அவர் வழக்கம். வெயில் காலத்தில் பார்த்தால் எல்லா நிலமும் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும் என்பார். அன்று அக்காவும் வந்திருந்தாள். மனையெங்கும் கணுக்கால் அளவு தண்ணீர், சத்தமே இல்லாமல் பக்கத்து ஏரியைப் பார்த்து நடந்துகொண்டிருந்தது. சிவப்பும் மஞ்சளும் அதில் அலைந்தன. மெஷின் வைக்கும் இடத்தில் ஒரு கொக்கு நின்றது. தன் வீடு தண்ணீரில் நிற்பதைத் தையல்காரி பார்த்தாள். ஆனாலும் பாழாய்ப்போன அழகு, கண்ணை எடுக்க முடியவில்லை.

அதிகாரியம்மா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் அறைக்குள்ளும் போய் வந்தார். "சட்டை தைச்சா உள்ள ரெண்டு விரல் துணி விடுவீங்கல்ல? இங்க ஓரம் வரைக்கும் வெட்டிட்டீங்களே" என்றார். ஊரார் இடுப்பு பெருக்கும் என்று இடம் விட்டுத் தைப்பவளுக்குத் தண்ணீர் பெருகும் என்று தோன்றாமல் போய்விட்டது. அவள் மனையை அளந்தது கோடையில்.

மறுப்பதற்காக வரவில்லை என்று அதிகாரியம்மா பொறுமையாக விளக்கினார். தண்ணீர் போகும் வழியை அடைத்தால் ஏரியும் வற்றும், கீழ்த்தெருவும் மூழ்கும். மூன்றில் ஒரு பங்கை அதற்கு விட்டால், மிச்சத்தில் தூண் எழுப்பிக் கட்டிக்கொள்ளலாம். கடையோ அக்காவின் அறையோ, இரண்டில் ஒன்றுக்குத்தான் இடம் இருக்கும்.

அக்கா மஞ்சளுக்குள் நின்றிருந்தாள். "என்னுதை எடுத்துடு. எனக்கு நடையே பழகிப்போச்சு" என்றாள். அதைக் கேட்டதும் தங்கைக்கு அழுகையும் கோபமும் ஒன்றாய் வந்தன. "கடை வேண்டாம் மேடம்" என்று சொல்லிவிட்டு, சிவப்புத் துணியைத் தானே அவிழ்க்கத் தொடங்கினாள்.

அக்கா மஞ்சளுக்குள்ளிருந்து ஓடும் தண்ணீரைப் பார்த்தாள். யார் வீட்டிலும் வாய் திறந்து எதையும் கேட்டறியாதவள், பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்:

"எனக்கு ஜன்னலைத் தண்ணிப் பக்கம் வைப்பியா?"