மாப்பிள்ளைக் கும்பிடு

"இழு. பயப்படாத, அவருக்கு வலிக்காது" என்றாள் சின்னத்தை.

லோர்கன் ஐந்து சட்டைகளின் கைகளுக்குள்ளும் தன் கையை விட்டு, மறுபக்கம் கிடந்த மாமனாரின் விரல்களைப் பிடித்துக்கொண்டிருந்தான். கடைசி உடுப்பை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருக்க முடியாது. முதலிலேயே ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி வைத்து, ஒரே இழுப்பில் மாட்டிவிட வேண்டும். அதுவும் மூச்சு இருக்கும்போதே. நின்ற பிறகு மாட்டினால் அந்தத் துணி போகிறவருடன் போய்ச் சேராது என்பது சீனாவின் ஷான்டாங் மாகாணத்தில் அந்தப் பக்கத்து ஊர்களில் நம்பிக்கை. அவன் இழுத்தான். மேங் சிங்ஹேயின் கை மெல்ல ஊர்ந்து வெளியே வந்தது. வாழ்நாள் முழுக்க நிலக்கரி லாரி ஓட்டிய கை. இன்னும் சூடாக இருந்தது.

அந்த உடுப்பில் பொத்தான் கிடையாது, நாடாதான். பெரியவருடைய தம்பி மனைவியான சின்னத்தை கீழிருந்து ஒவ்வொரு நாடாவாக முடிந்துகொண்டு வந்தாள். கழுத்து நாடாவை முடியும்போது பெரியவர் ஒரு மூச்சு விட்டார். அடுத்ததை இழுக்கவில்லை. அவள் கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தாள். பிறகு மஞ்சள் தாளை எடுத்து அவர் முகத்தின்மேல் போட்டுவிட்டு, முற்றத்தைப் பார்த்துக் குரலெடுத்து அழத் தொடங்கினாள். முற்றத்திலிருந்த பெண்கள் அவள் குரலைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த அழுகைக்கு ஒரு மெட்டு இருந்தது. லோர்கனுக்கு அது வரவில்லை. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கட்டிலோரம் நின்றான்.

வெளியே போய்ப் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தான். துணைத் தலைமையாசிரியர் நல்ல மனிதர், ஆனால் விதி தெரிந்த நல்ல மனிதர்.

"யாருக்கு, லுவோ சார்?" என்றார். லோர்கன் என்று சொல்ல அங்கே யாருக்கும் நாக்கு வளையாது. வந்த புதிதிலேயே அவன் லுவோ ஆகிவிட்டான்.

"மாமனாருக்கு."

"மாமனார்னா... யாச்சின் டீச்சரோட அப்பாவா? அதான் உங்களுக்கு விவாகரத்து ஆயிடுச்சே."

"ஆமா."

"சரி, துக்க லீவுல போட முடியாது. சொந்த லீவுன்னு போட்டுக்கறேன். உங்க கிளாஸைப் பத்திக் கவலைப்படாதீங்க. கணக்கு சார் எடுத்துக்குவாரு."

கணக்கு சாருக்குத் துக்கமெல்லாம் வேண்டியதில்லை, சும்மா இருக்கும்போதே அவன் வகுப்பைக் கடன் வாங்குகிறவர்தான். அவன் சொல்லித்தருவது ஆங்கிலப் பேச்சு; பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் அதற்கு மதிப்பெண் இல்லை. எனவே லோர்கன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தப் பள்ளியில் எதுவும் நின்றுவிடாது. சேர்க்கை மாதத்தில் மட்டும் அவனை வாசலில் நிறுத்திப் பெற்றோர்களோடு படம் எடுப்பார்கள். மற்ற நாட்களில் மாணவர்கள் தாழ்வாரத்தில் ஒரு 'ஹலோ' சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டு ஓடுவார்கள். சாப்பாட்டுக்கூடத்தில் அவன் தட்டோடு உட்கார்ந்தால் எதிர் இருக்கை மரியாதையாகக் காலியாகவே இருக்கும். ஒரு வாரம் முழுக்க அந்த ஹலோவைத் தவிர வேறு பேச்சே இல்லாமல் கழிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் அவனுக்கு ஆள் உள்ள நாள்.

அந்த ஞாயிறுகள் மேங் சிங்ஹேயின் வீட்டில் கழிந்தன. யாச்சின் அதே பள்ளியில் வேதியியல் ஆசிரியை. கல்யாணம் செய்துகொண்டார்கள், சிங்தாவ் நகரத்தில் அவளுக்கு நல்ல வேலை கிடைத்தது, போனாள். பிறகு ஒருநாள் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். சண்டை என்று பெரிதாக ஒன்றுமில்லை. சண்டை போடும் அளவுக்குக்கூட இருவரும் ஒரே வீட்டில் இருக்கவில்லை. அயர்லாந்துக்குத் திரும்பலாம் என்று அவனும் நினைத்தான். ஆனால் அந்த வார ஞாயிற்றுக்கிழமை பெரியவர் போன் செய்து, "மாவு பிசைஞ்சாச்சு, எப்ப வர்ற?" என்றார். போனான். கொழுக்கட்டை மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் ஏணி கேட்டு வந்தார். பெரியவர் தலையை நிமிர்த்தாமலே, "மாப்பிள்ளை வந்திருக்காரு. பொண்ணுக்கு சிங்தாவ்ல வேலை தலைக்கு மேல கிடக்கு" என்றார். லோர்கன் தன் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவ்வளவுதான். அன்றிலிருந்து அது அப்படியே நிலைத்தது. புத்தாண்டுக்கு மகள் வரவில்லை, அப்பாதான் ரயிலேறி மகளிடம் போய் வந்தார். "பொண்ணு வரச் சொல்லிட்டா" என்று ஊரில் பெருமை பேசினார். யாச்சின் மறுபடி கல்யாணம் செய்துகொண்டதைப் பற்றியும் அவர் மூச்சு விடவில்லை. மானத்துக்குப் பயந்து மறைத்தாரா, மாப்பிள்ளை என்ற பேர் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை அவன் வரமாட்டான் என்று மறைத்தாரா, லோர்கன் கேட்டதில்லை. கேட்டால் இரண்டில் ஒன்றைச் சொல்லிவிடுவார் என்று பயந்தான்.

டாக்டர் கைவிரித்த வாரத்திலிருந்து அவன் ஒரு காரியத்தை ரகசியமாகச் செய்துவந்தான். அந்தப் பக்கத்தில் மாமனார் இறந்தால் மாப்பிள்ளை ஊர் கூடி நிற்க, சவப்பெட்டிக்கு முன்னால் கும்பிட வேண்டும். சும்மா விழுந்து எழுவதல்ல. இத்தனை அடி முன்னால், இத்தனை கும்பிடு, மண்டியிட்டு ஒன்று, ஊதுபத்திக்கு ஒன்று, மதுவுக்கு ஒன்று, பெட்டிக்கு முதுகு காட்டாமல் பின்னால் வருவது என்று நீளும். சுற்றுவட்டாரத்துப் பெண்கள் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். நன்றாகக் கும்பிட்டால் செத்தவருக்குப் பெருமை. தடுமாறினால் பத்து வருஷம் சொல்லிச் சிரிப்பார்கள். லோர்கன் போனில் வீடியோக்களைப் பார்த்து, பள்ளிக் குடியிருப்பில் கதவைச் சாத்திக்கொண்டு, தண்ணீர் கேனைப் பெட்டியாக வைத்துக் கும்பிட்டுப் பழகினான். கீழ்வீட்டு இசை ஆசிரியை ஒருநாள் மேலே வந்து, "உடற்பயிற்சியா சார்?" என்று கேட்டாள். ஆமாம் என்றான்.

மாலையில் யாச்சினின் கார் வந்தது. ஓட்டி வந்தவன் ஹாய்தாவ், அவள் கணவன். அவன் இறங்குவதற்குள் அவள் பின்கதவைத் திறந்து இறங்கி ஓடப் பார்த்தாள். முடியவில்லை. கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வயிற்றைத் தாங்கியபடி நடந்தாள்.

முற்றத்து அழுகை ஒரு கணம் நின்றது. ஏழாவது மாதம் இருக்கும் என்று பெண்கள் கண்ணாலேயே கணக்குப் போட்டார்கள். உடனே யாரோ சிவப்புத் துணியைக் கிழித்து வந்து அவள் இடுப்பில் சுற்றினார்கள். வயிற்றுப்பிள்ளைக்காரி சவத்துக்கு அருகே வெறுமனே போகக் கூடாது. அடுத்து எல்லாருடைய பார்வையும் லோர்கன் பக்கம் திரும்பியது.

"மூச்சே விடலையே, திருட்டு ஆளு" என்றார் பந்தல் போட்டுக்கொண்டிருந்த ஒருவர், அவன் முழங்கையைத் தட்டி. "மாமனார் போனாரு, பேரன் வர்றான். நல்ல சாவுதான்."

"மூக்கு அவங்கப்பா மாதிரி வந்துட்டா தொட்டில்ல இடம் பத்தாது" என்றாள் ஒரு பெண். துக்க வீட்டில் சிரிக்கக் கூடாதே என்று கையால் வாயை மூடிக்கொண்டு நாலு பேர் சிரித்தார்கள்.

லோர்கன் வாயைத் திறந்தான். "நன்றி" என்றான்.

யாச்சின் அப்பாவைப் பார்த்து அழுது முடித்து, கண் வீங்கி, வீட்டின் பின்பக்கம் வந்தாள். அறுவடையான பூண்டு அங்கே மலையாகக் குவிந்து காய்ந்துகொண்டிருந்தது. அவன் அங்கேதான் நின்றிருந்தான்.

"அப்பா யார்கிட்டயுமே சொல்லலையா?"

"இல்ல."

"நீயாவது சொல்லியிருக்கலாம்ல."

"அவர் வீட்டு விஷயம். நான் எப்படிச் சொல்றது?"

"ஊரே உனக்கு வாழ்த்துச் சொல்லுது."

"கேட்டுச்சு."

"ஹாய்தாவை டிரைவர்னு நினைச்சுட்டாங்க. சித்தப்பா சிகரெட் குடுத்து, வண்டியிலயே இருப்பா, சாப்பாடு கொண்டாந்து தர்றோம்னாரு. அவரும் சரின்னுட்டாரு." அவள் சிரிக்க முயன்றாள், முடியவில்லை. "நாளன்னிக்கு யார் கும்பிடறது?"

"நீ சொல்லு."

"அவர் கும்பிட்டா அப்பா இத்தனை வருஷமும் பொய் சொன்னாருன்னு ஆயிடும். பெட்டிய வச்சுக்கிட்டே பேசுவாங்க." ஒரு பூண்டை எடுத்துத் தோலை உரித்துக்கொண்டே இருந்தாள். "நீயே கும்பிடு. நான் ஹாய்தாவ்கிட்ட பேசிட்டேன். ஆனா அதோட முடிச்சுக்கணும், லோர்கன். அப்புறம் நீ இங்க வராத."

"கல்லறைக்குக்கூடவா?"

"தனியா வந்தா பொண்டாட்டி எங்க, புள்ள எங்கன்னு கேப்பாங்க. எத்தனை வருஷம் பதில் சொல்லுவ? உன் சாயல் இல்லாத புள்ளய ஒருநாள் பார்த்தாங்கன்னா என்னைப் பத்தி என்ன பேசுவாங்க? நானும் இனிமே வரமாட்டேன். வர்றதுக்கு இங்க யார் இருக்கா?"

இத்தனை வருஷம் கழித்து அவள் வாயிலிருந்து தன் சொந்தப் பெயர் வந்ததை அவன் கவனித்தான். அதற்காகச் சந்தோஷப்படும் நேரமா அது என்று தன்மேலேயே கோபம் வந்தது. வசந்தகாலத்தில் எல்லாரும் கல்லறையில் மண் போட்டுத் தாள் எரிக்கும்போது மேங் சிங்ஹேயின் மேட்டில் புல் முளைத்துக் கிடக்கும். தம்பி வீட்டார் செய்வார்கள், செய்யாமலும் போவார்கள். ஆனாலும் தலையாட்டினான்.

மூன்றாம் நாள், நகரத்தில் எரித்து வந்த சாம்பலைப் பெட்டிக்குள் வைத்து மூடிய பின், காரியம் நடத்தும் ஹாவ் கிழவர் பந்தலில் நின்று, "மாப்பிள்ளை வரலாம்" என்று கூவினார். முக்காலிகள் நெருங்கின. சுவரின்மேல்கூட ஆள்.

"இவ்வளவு ஒசரம் குனிஞ்சு எழுந்திருக்கறதுக்குள்ள பொழுது சாஞ்சுரும்" என்றது ஒரு குரல்.

லோர்கன் பாயின் நுனியில் நின்றான். இடுப்பில் சின்னத்தை கட்டிவிட்ட வெள்ளைத் துணி. கைகளைச் சேர்த்து நெற்றிவரை உயர்த்தி இறக்கினான். முன்னால் நடந்தான், மண்டியிட்டான், நெற்றியைத் தரையில் வைத்தான். ஊதுபத்தி வாங்கி உயர்த்திக் கொடுத்தான். மதுவைச் சிந்தாமல் மண்ணில் வார்த்தான். அவனுக்கு முழங்கால் வலித்தது, மூச்சு வாங்கியது. ஒரு இடத்தில் எந்தக் கால் முன்னால் என்று ஒரு நொடி குழப்பம் வந்தது, சமாளித்தான். கண்ணிலிருந்து நீர் மெட்டு இல்லாமல் தன்பாட்டுக்கு வழிந்தது. பின்னடியாக வந்து பாயின் நுனியைத் தொட்டபோது ஹாவ் கிழவர் கூவ வேண்டியதைக் கூவ மறந்து நின்றார்.

"பெத்த புள்ளகூட இப்படிக் கும்பிட மாட்டான்" என்றாள் முக்காலிக்காரி ஒருத்தி, மூக்கைச் சிந்தி. "மேங் குடுத்து வச்சவரு."

கூட்டத்துக்குப் பின்னால், வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஹாய்தாவும் பார்த்துக்கொண்டிருந்தான்.

வயலில் பெட்டியை இறக்கி மண் மூடி, துக்கத் துணிகளைக் கழற்றிக் கொடுத்து, எல்லாரும் சாப்பிட்டு முடித்த பின் ஊர் வழியனுப்ப வந்தது. கணவனும் மனைவியும் சேர்ந்துதானே போக வேண்டும். லோர்கனைப் பின்னிருக்கையில் யாச்சின் பக்கத்தில் ஏற்றினார்கள். காலை நீட்ட இடம் போதாதென்று முன்னிருக்கையை நகர்த்தக்கூட ஆள் வந்தது.

"தம்பி, பள்ளம் பார்த்து ஓட்டுப்பா. புள்ளத்தாச்சி" என்று சித்தப்பா ஹாய்தாவுக்குச் சொன்னார்.

"சரிங்க" என்றான் ஹாய்தாவ்.

சின்னத்தை பூண்டுப் பை ஒன்றை யாச்சினின் மடியில் வைத்தாள். பிறகு சுற்றி வந்து, சிறிய பை ஒன்றை லோர்கனின் கையில் தனியாகத் திணித்தாள். "தனியா இருக்கறவனுக்கு இவ்வளவு போதும்" என்று அவன் காதருகே முணுமுணுத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் கதவைச் சாத்தினாள்.

கார் நகர்ந்தது. ஊர் கையசைத்தது. இருவரும் ஆளுக்கொரு சன்னல் வழியே கையசைத்தார்கள். பாப்ளர் மரங்களைத் தாண்டி, ஊர் கண்ணுக்கு மறைந்த திருப்பத்தில் ஹாய்தாவ் வண்டியை ஓரம் கட்டினான்.

"டவுன்வரைக்கும் கொண்டு விடறேனே, சார்" என்றான்.

"வேண்டாம். இங்க பஸ் வரும்."

ஹாய்தாவ் வேறு ஏதோ சொல்ல வந்து, "ரொம்பச் சிரமப்பட்டீங்க" என்று மட்டும் சொன்னான்.

லோர்கன் இறங்கினான். மறுபக்கம் யாச்சினும் இறங்கினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு காரின் முன்பக்கமாகச் சுற்றி வந்து, கணவனுக்குப் பக்கத்து இருக்கையில் ஏறினாள். முன்னால் தள்ளியிருந்த இருக்கை அவளுக்கு இடிக்க, ஹாய்தாவ் குனிந்து அதைப் பின்னால் நகர்த்தினான். பிறகு பெல்ட்டை இழுத்து, வயிற்றுக்குக் கீழே படியும்படி மெதுவாக மாட்டிவிட்டான்.