துவைத்துப் பார்த்த போர்டு

மகுடேஸ்வரனுக்குக் காலையிலிருந்து ஒன்றும் ஓடவில்லை. சாயப்பட்டறை நடத்தி, கழிவுநீர் விவகாரத்தில் அது பூட்டப்பட்ட பிறகு, அனுப்பர்பாளையத்தில் தையல் மெஷினுக்கு சர்க்யூட் போர்டு செய்து பிழைக்கிறவர். போர்டு வாங்கும் சென்னைக் கம்பெனியோ, இனிமேல் சுற்றுச்சூழலைக் கெடுக்காத முறைக்குத்தான் ஆர்டர், எந்த முறை என்று மதியத்துக்குள் சொல்லுங்கள் என்றுவிட்டது.

இருந்த வழி இரண்டு. இப்போது செய்வதுபோல் செம்பை ஆசிட்டில் அரித்து, கழுவிய தண்ணீரைச் சுத்திகரிப்பது ஒன்று. பனியனில் படம் அடிப்பது மாதிரி வெள்ளி மையால் கோடுகளை பிரிண்ட் செய்வது மற்றொன்று. அதற்குத் தண்ணீரே வேண்டாம். எதிர்காலத்தில் எது நிற்கும் என்று எஞ்சினியர் மகள் வர்ஷினி கம்ப்யூட்டரில் கணித்துக் கொடுத்தாள். தண்ணீர் முக்கியம் என்று இவர் சொன்னால் அது பிரிண்டிங் என்றது. நீடித்த உழைப்பு முக்கியம் என்றால் ஆசிட் என்றது. எதைக் கேட்டாலும் தலையாட்டும் பூம்பூம் மாட்டிடம் போய் யோசனை கேட்டால் இப்படித்தான்.

சாம்பிள் என்று எது வந்தாலும் துவைத்துப் பார்க்கிற பனியன் ஊர் இது. இவரும் முறைக்கு ஒன்றாகச் செய்து வைத்திருந்த இரண்டு சாம்பிள் போர்டுகளிலும் முறையின் பெயர் எழுதிய காகித அட்டையைக் கட்டி, வாஷிங் மெஷினில் போட்டு, சோப்புத்தூளும் கொட்டினார். எடுத்துக் காயவைத்து கரண்ட் கொடுத்தால், ஒன்றில் விளக்கு எரிந்தது, மற்றது செத்துக் கிடந்தது. அட்டைகளோ கூழாகியிருந்தன. இரண்டும் ஒரே பச்சைப் பூச்சு. எது எதுவென்று பெற்றவருக்கே தெரியவில்லை.

வர்ஷினி பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள்.

"போர்டை ஆராச்சும் தொவைப்பாங்களாப்பா? இதுல எது செத்தாலும் ஒண்ணும் அர்த்தமில்லீங்க."

இருந்தாலும் பிளேடால் செத்த போர்டைச் சுரண்டினாள். வெள்ளி தெரிந்தது. பிரிண்டிங் பிழைத்திருக்க வேண்டுமென்று தான் எவ்வளவு ஆசைப்பட்டோம் என்பது அப்போதுதான் மகுடேஸ்வரனுக்கே தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து கம்பெனி மேனேஜரின் போன் வந்தது.

"பிரிண்டிங்தானுங்க," என்றார் மகுடேஸ்வரன். "ஆனா அது இன்னும் சரியா நிக்கலீங்க. தொவைச்சுப் பாத்தனுங்க, போயிருச்சு. கொஞ்சம் டைம் குடுங்க."

வர்ஷினி வேண்டாம் வேண்டாமென்று கையை ஆட்டியது அவர் கண்ணிலேயே படவில்லை. மேனேஜர் மறுபடி கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

"ஆசிட்டுன்னு சொல்லியிருந்தா ஆர்டர் கையில இருந்திருக்குமுங்களே. இப்ப என்னங்கப்பா பண்றது?"

"தெரியல கண்ணு. ஆனா தண்ணிக்காக இன்னொருக்கா கதவைப் பூட்டுனா, என்னால தாங்க முடியாது."