ஆறு மணி நேரமும் ஆளில்லாத நாற்காலியும்

இரண்டு விமானங்களுக்கு நடுவே ஆறு மணி நேரம் கிடைத்தால் சாதாரண மனிதர்கள் நாற்காலியில் சாய்ந்து, வாயைப் பிளந்துகொண்டு தூங்குவார்கள். நிழல் சாதாரண மனிதர் அல்ல. அதுதான் அவர் மனைவிக்கு முப்பது வருஷமாக இருக்கும் ஒரே குறை.

நிழல் என்பது மாணவர்கள் வைத்த பெயர். முப்பத்தாறு வருஷம் கல்லூரியில் தேர்வுக் கண்காணிப்பு. ரப்பர் செருப்பில் சத்தமில்லாமல் வருவார். பிடரியில் மூச்சுக்காற்று பட்ட பிறகுதான் ஆள் நிற்பதே தெரியும். அவருடைய ஹாலில் ஒரு பல்லி பக்கத்துப் பல்லியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, வெட்கப்பட்டுத் தானாகவே வெளியேறியது என்பார்கள். பல்லி இதுவரை மறுக்கவில்லை.

மகளின் பதிவுத் திருமணம் மூன்று தடவை தள்ளிப்போயிருந்தது. மூன்று தடவையும் அப்பாவுக்குத் தேர்வு வேலை. ஓய்வு பெற்றபின் வைத்த நாலாவது தேதி, நாளைக் காலை பத்து மணி. "இந்தத் தடவை நீங்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி, நான் கையெழுத்துப் போட்டுடுவேன்" என்று மகள் போனில் சொல்லிவிட்டாள். சாயங்காலம் ஐந்தரை மணி விமானத்தை விட்டால் அடுத்தது நாளை மறுநாள்.

"பேசாம இங்கயே உக்காருவோம்" என்றாள் மனைவி.

"காசு கொடுத்து இவ்வளவு தூரம் வந்துட்டு, ஊரைப் பாக்காம போறதா?" என்று பையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்துவிட்டார்.

டாக்சிக்காரர் நேர்மையானவர். "இங்க பாக்க என்னப்பா இருக்கு?" என்று கேட்டதற்கு, "காலேஜ் இருக்கு சார்" என்றார்.

"அப்புறம்?"

"காலேஜுக்குப் பின்வாசல் இருக்கு. நல்லா இருக்கும்."

அப்படியே பார்த்தார்கள். வழியெல்லாம் ஜெராக்ஸ் கடைகள், விடுதிகள், மறுபடியும் ஜெராக்ஸ் கடைகள். ஊர் மக்கள் அசலைப் பார்த்தே பல வருஷம் ஆகியிருக்கும் போலிருந்தது. நடுவே ஒரு மணிக்கூண்டு. நாலு பக்கமும் நாலு வெவ்வேறு நேரம் காட்டியது, உங்களுக்கு எது சௌகரியமோ அதை எடுத்துக்கொள்ளலாம். சாப்பிட்டு முடித்து, கைக்கடிகாரத்தில் மூன்று மணிக்குக் கல்லூரி வாசலுக்கு வந்தார்கள். டாக்சியை அங்கேயே நிற்கச் சொன்னாள் மனைவி. நாலு மணிக்குக் கிளம்பினால் போதும்.

கல்லூரிக்குள் தேர்வு நடந்துகொண்டிருந்தது. அந்த அமைதியை நிழல் மோப்பம் பிடித்துவிட்டார். முதல் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். அறுபது மாணவர்கள். கண்காணிப்பாளரின் நாற்காலி காலி. விடைத்தாள்கள் பந்தியில் தண்ணீர்ச் செம்பு போகிற மாதிரி கைமாறிப் போய்க்கொண்டிருந்தன.

"என்னங்க, வேண்டாம்" என்றாள் மனைவி. அவள் 'வேண்டாம்' சொல்லி முடிப்பதற்குள் அவர் உள்ளே இருந்தார்.

அறுபது பேனாவும் நின்றன. மின்விசிறிகூடக் கொஞ்சம் மெதுவாகத்தான் சுற்றியது. பத்து நிமிஷம் கழித்து உண்மையான கண்காணிப்பாளர் டீ கிளாசோடு வந்தார். வெள்ளைச் சட்டையும் கையில் பையுமாக ஒருவர் வரிசை வரிசையாக நடப்பதைக் கண்டதும் பறக்கும் படை என்றே முடிவுகட்டினார். பறந்து வந்தவர்தான், அதில் பொய்யில்லை. "பாத்ரூம் போயிருந்தேன் சார்" என்று டீ கிளாசை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, யாரும் சொல்லாமலே மூலையில் போய் நின்றார்.

மூன்றே முக்கால் ஆயிற்று. மனைவி வாசலில் நின்று கையை ஆட்டினாள். நிழல் அருகே வந்து, "தேர்வு அஞ்சு மணிக்குத்தான் முடியுது" என்றார்.

"நமக்கு அஞ்சரைக்கு விமானம்."

"பேப்பரை எண்ணிக் கட்டாம ஹாலை விட்டு நகர்ந்ததே இல்ல நான்."

"இது உங்க காலேஜ் இல்லீங்க! இது உங்க ஊரே இல்ல!"

"சத்தம் போடாதே. பசங்க எழுதறாங்க."

நாலடிக்க ஐந்து நிமிஷம். கெஞ்சினால் நகர மாட்டார், அழுதால் கைக்குட்டை கொடுத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விடுவார். ஆனால் இந்த மனிதரோடு முப்பது வருஷம் சாப்பாட்டுத் தட்டில் தேர்வு விதிகளையும் சேர்த்து விழுங்கியவள் அவள். ஹாலை விட்டு அவரை நகர்த்தக்கூடிய விதி ஒன்றே ஒன்றுதான் உண்டு: காப்பியடித்துப் பிடிபட்டவரை, பிடித்தவரே கேட் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் வெளியே விட வேண்டும்.

நேராக உள்ளே போனாள். வராத மாணவன் ஒருவனின் காலி இடத்தில் உட்கார்ந்தாள். கிடந்த விடைத்தாளை விரித்து, பக்கத்துப் பையன் தாளை நோக்கிக் கழுத்தை நீட்டினாள்.

"ஆன்ட்டி, நீங்களுமா?" என்றான் அவன்.

"கையைக் கொஞ்சம் எடுப்பா, மறைக்குது."

"நானே முன்னாடி இருக்கறவனைப் பாத்துத்தான் எழுதறேன். தப்பா இருந்தா என்னைக் கேக்கக் கூடாது."

"பரவால்ல, நான் பாஸாக வரலை."

திரவ இயக்கவியல் மூன்று வரி எழுதியிருப்பாள். பிடரியில் மூச்சுக்காற்று பட்டது. திரும்பினாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளை இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

"எந்திரி."

எழுந்தாள்.

"பொம்பளைன்னும் பாக்க மாட்டேன், பொண்டாட்டின்னும் பாக்க மாட்டேன். நட வெளிய!"

"நடக்கறேங்க" என்று, பிடிபட்டவள் பிடித்தவரைவிட வேகமாக நடந்தாள். மூலையில் நின்ற கண்காணிப்பாளர் மூலைக்குள் இன்னும் ஒண்டிக்கொண்டார். சொந்த மனைவியையே விடாத பறக்கும் படையை அவர் கேள்விப்பட்டதில்லை.

கேட்டுக்கு வெளியே டாக்சியின் கதவு திறந்திருந்தது. ஒரே தள்ளு. "எடுப்பா வண்டியை!"

"பேப்பர் கட்டணும்!" என்று நிழல் போட்ட சத்தம் ஜெராக்ஸ் கடைகளைத் தாண்டியும் கேட்டது. டாக்சிக்காரர் கண்ணாடியை ஏற்றினார்.

விமானத்தில் ஏறிய கடைசி இரண்டு பேர் அவர்கள்தான். உட்கார்ந்ததும் நிழல் முன்னால் செருகியிருந்த வாந்திப் பையை உருவி, பேனாவைத் திறந்து அறிக்கை எழுத ஆரம்பித்தார். பிடிபட்டவர் பெயர், வயது, பாடம். வயதைக் கேட்டார். இரண்டு வருஷம் குறைத்துச் சொன்னாள். அதையே எழுதினார். அடுத்த கேள்வியில் பேனா நின்றது: கண்காணிப்பாளருக்கு உறவு உண்டா? முப்பத்தாறு வருஷமும் 'இல்லை' என்றே எழுதிய இடம்.

பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். முகம் கறுத்துவிட்டது.

"விதிப்படி, உறவுக்காரங்க எழுதற ஹாலுக்குள்ள நான் போயிருக்கவே கூடாது."

"அதைத்தான் நானும் மூணு மணியிலேர்ந்து சொல்றேன்" என்று சொல்லிவிட்டு அவள் கண்ணை மூடினாள்.

இறங்கும் இடத்தில் மகள் காத்திருந்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அப்பாவைத் தோளில் தொட்டுப் பார்த்தாள், நிஜமாகவே வந்திருக்கிறாரா என்று. பிறகுதான் அழுகை வந்தது. அப்பா வர மாட்டார் என்ற நம்பிக்கையில் பக்கத்து வீட்டுப் பல் டாக்டரைச் சாட்சிக் கையெழுத்துக்கு ஏற்பாடு செய்து வைத்திருந்தாளாம். அவர் அதற்கென்றே புதுச் சட்டை வாங்கியிருந்தார். அவருக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.