பால் பொங்குதுடி, ஓடு!

நாத்தனாரையும் அண்ணியையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டால் என்ன நடக்கும் என்று யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள். பாதிப் பேர் கயிறு அறுந்துபோகும் என்பார்கள், மீதிப் பேர் போலீஸைக் கூப்பிடச் சொல்வார்கள். எங்களைக் கட்டிவிட்டார்கள். உலகப் போட்டியில் தங்கம் கிடைத்தது.

என் நாத்தனாருக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. அவள் ஓடுவது நானூறு மீட்டர். நான் அவளுக்கு வழிகாட்டி ஓட்டக்காரி. எங்கள் கைகளை ஒரு சின்னக் கயிறு சேர்த்திருக்கும். ஓடும்போது நான் அவளை இழுக்கக் கூடாது, தள்ளக் கூடாது. முக்கியமாக, முடிவுக்கோட்டை அவளுக்கு முன்னால் தாண்டவே கூடாது, தாண்டினால் இரண்டு பேரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். நான் தாராளமாகப் பயன்படுத்தலாம் என்று சட்டம் அனுமதிக்கிற ஒரே உறுப்பு வாய். அது எனக்கு எப்போதுமே குறைவில்லாமல் இருந்து வந்திருக்கிறது.

அந்த வாயிலும் ஆரம்பத்தில் ஒரு சிக்கல் வந்தது. மைதானத்தில் எல்லா வழிகாட்டிகளும் "வளைவு", "நேர்" என்றுதான் கத்துவார்கள். யார் யாருக்குக் கத்துகிறார்கள் என்று தெரியாது. ஒருமுறை பக்கத்துக்காரி "நேர்" என்று கத்தியதைக் கேட்டு இவள் வளைவில் நேராகப் போய் அடுத்தவள் பாதையில் நுழைந்துவிட்டாள். வீடு வந்து சேரும்வரை நான் வாயை மூடவில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே வந்தவள், "அண்ணி, நீங்க வீட்ல கத்துறது மட்டும் எத்தனை சத்தத்துலயும் எனக்குத் தனியாக் கேக்கும். மைதானத்துலயும் அதையே கத்துங்களேன்" என்றாள்.

அன்றிலிருந்து வளைவு வந்தால் "வாசப்படி!" நேர்ப்பாதை வந்தால் "கூடம்!" கடைசி ஓட்டத்துக்கு "பால் பொங்குது!" வீட்டில் அவள் எந்த மூலையில் இருந்தாலும் இந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் அடுப்படிக்குப் பறந்து வருவாள். கோட்டைத் தாண்டியதும் "அடுப்பை அணை!" என்றால் நிற்பாள். பக்கத்துப் பாதைக்காரிகள் எங்களைப் பைத்தியங்கள் என்று நினைத்தார்கள். நினைக்கட்டுமே.

தங்கம் வாங்கிய அந்த வருஷம் தேசிய விளையாட்டு விருதுக்குக் கடைசியாக இரண்டு பெயர்கள் நின்றன. ஒன்று இவளுடையது. இன்னொன்று எடை தூக்கும் வீரர் ஒருவருடையது. ஆள் கதவில் நின்றால் வெளிச்சம் உள்ளே வராது. எல்லாரும் அவரை 'மலை' என்றுதான் கூப்பிடுவார்கள்.

எங்கள் வீட்டுக்குக் கீழேதான் என் தையல் கடை. பழைய துணியைப் பிரித்துத் தைக்கிற வேலைதான் அதிகம். கால்சட்டை நீளம் குறைக்க வந்தவர்கள்கூட, தைத்து முடித்த பிறகும் போகாமல் நின்று, விருது யாருக்கு என்று வழக்காடினார்கள். எனக்குக் கோபம் வந்தால் ஊசியை வாயில் கவ்விக்கொள்வது வழக்கம், பேச முடியாதே. அந்த வாரம் முழுக்க வாயில் ஊசியோடுதான் இருந்தேன்.

கடைசியில் என் வீட்டுக்காரரே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். அவர் பஸ் டிரைவர். தங்கை மேல் உயிர். ஆனால் ஓட்டத்தை நேரில் பார்க்க அவருக்குத் தைரியம் கிடையாது. அவள் விழுந்துவிடுவாள் என்ற பயத்தில் ஒருநாளும் மைதானத்துப் பக்கம் வந்ததில்லை. அவருடைய பஸ்ஸின் முன்கண்ணாடியில் ஒட்டியிருப்பது மலையின் படம்.

"நியாயத்தைப் பேசினா கோவிச்சுக்கக் கூடாது" என்று ராத்திரி சாப்பிடும்போது ஆரம்பித்தார். இப்படி ஆரம்பித்த எந்த ஆம்பளையும் அதற்கப்புறம் நியாயத்தைப் பேசி நான் கேட்டதில்லை. "மலை தனி ஆளாத் தூக்குறாரு. நம்ம பாப்பா ஓடுறப்போ கூட நீயும் ஓடுற. ரெண்டு பேர் ஓடினதுக்கு ஒருத்திக்கு எப்படி விருது குடுப்பாங்க?"

"உங்க பஸ்ஸுல கண்டக்டர் விசில் ஊதுறாரே, அப்போ பஸ்ஸை ஓட்டுறது அவரா?" என்றேன்.

மனுஷன் தட்டில் இருந்த சோற்றைப் பிசைய ஆரம்பித்தார். எனக்குப் பரம திருப்தி. ஆனால் பாப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டாள்.

அப்புறம் கடைக்கு இறங்கி வந்து, என் மிஷினுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் ஒரு திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணி, அண்ணன் சொன்னதைத்தான் எல்லாரும் நினைக்கிறாங்க, இல்ல?"

"உங்க அண்ணன் கிடக்கிறாரு."

"எனக்கு முப்பது வயசு ஆகப்போகுது. வீட்ல பாப்பா. தெருவுல டிரைவரோட தங்கச்சி. வேலை பாக்குற ஆஸ்பத்திரியில போனை எடுத்தா ஆஸ்பத்திரி பேரைத்தான் சொல்றேன். மெடல் குடுக்கிறப்போகூட என் பேரைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள உங்க பேரையும் சொல்லிடுறாங்க." திரைச்சீலையின் ஓரத்தை விரலால் தடவினாள். "ஒரே ஒரு தடவை என் பேரை மட்டும் கூப்பிடணும் அண்ணி. இப்படிச் சொல்றேன்னு தப்பா நினைச்சுக்காதீங்க."

எனக்குச் சுருக்கென்றது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். விடியற்காலையில் எழுந்து அவளோடு ஓடியது நான், கால் நகம் பெயர்ந்தது எனக்கு. ஒரு நிமிஷம் மிஷினை மிதிக்கவே தோன்றவில்லை. அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் எதையும் வேண்டும் என்று கேட்டதே இல்லை. அவள் கேட்டது நியாயம்தான் என்று என் மனசுக்குத் தெரிந்துபோயிற்று.

"கூப்பிட வைக்கிறேன்டி. உன் பேரை மட்டும் கூப்பிட வைக்கலைன்னா என் பேரை மாத்திக்கிறேன்" என்றேன். "போய் மிச்சத்தைச் சாப்பிடு."

விருதுக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. போட்டியில் இருப்பவர் தனக்காகத் தானே பேசக் கூடாது. கூட ஒருவரை அழைத்து வர வேண்டும், அவர்தான் வாதாடுவார். மலைக்காக அவருடைய மனைவி வந்திருந்தார். பாப்பாவுக்காக நான் போனேன்.

நீளமான மேஜை. தலைவி பழைய டென்னிஸ் ஆட்டக்காரி, பேச்சு சுருக்கமாக இருக்கும். அவருக்குப் பக்கத்தில் ஒரு காலத்தில் கால்பந்து அணிக்குத் தலைமை தாங்கிய கேப்டன். பந்து காலை விட்டுப் போய் எத்தனையோ வருஷம் ஆகியும் மீசையை மட்டும் விடாதவர். மலையோ நாங்கள் உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்று, பாப்பாவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். எதிரியை வெறுக்கத் தயாராக வந்திருந்த எனக்கு இது பெரிய இடைஞ்சலாகிவிட்டது.

மலையின் மனைவி நன்றாகவே பேசினார். தூக்கிய எடையைச் சொன்னார். தோளில் ஆபரேஷன் செய்துகொண்டு திரும்பி வந்ததைச் சொன்னார். நானே கை தட்டப் பார்த்தேன். அப்புறம் நான் எழுந்து, வாயைத் திறக்கும் முன்பே கேப்டன் கையை உயர்த்தினார்.

"ஒரு சின்னச் சந்தேகம்மா. இவங்க தனியா ஓடலையே. நீங்க கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போறீங்க. அப்போ பாதி ஓட்டம் உங்களோடதுதானே?"

இழுத்துக்கொண்டு போகிறேனாம்! கோபம் என் மூக்கு நுனியில்தான் எப்போதும் இருக்கும், தேட வேண்டியதில்லை.

"எந்திரிங்க சார்" என்றேன்.

"எதுக்கு?"

"இழுத்துட்டுப் போறேன், வாங்க."

தலைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையசைத்தார். வெளியே பளபளவென்று ஒரு நீள வராண்டா, ஆள் நடமாட்டம் இல்லை. கேப்டன் கண்ணை என் துப்பட்டாவால் கட்டினேன். அவர் கையையும் என் கையையும் எங்கள் கயிற்றால் சேர்த்தேன். "ஓடுங்க!" என்றேன். ஓடவா செய்தார்? ஈரத் தரையில் நடக்கிற மாதிரி காலைத் தேய்த்துத் தேய்த்து வைத்தார். கயிற்றை அசைத்துப் பார்த்தேன், சுவரில் அடித்த ஆணி மாதிரி நின்றார்.

எனக்கோ அவசரம். என்னையறியாமல் பழகிய வார்த்தை வாயில் வந்துவிட்டது. "கூடம், கூடம்! நேராப் போங்க!"

"எந்தக் கூடம்?"

"அய்யோ, பால் பொங்குது சார்!"

"எங்கம்மா?" என்று அவர் பதறிப்போய் மூக்கை உறிஞ்சினார்.

குழு மொத்தமும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. தலைவிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். கேப்டன் துப்பட்டாவை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "இது நியாயமில்ல, உங்க பாஷை எனக்குப் புரியல. உங்க நாத்தனாருக்குப் புரியுது. அப்போ ஓட்டம் உங்க வாயிலதானே இருக்கு?" என்றார்.

மனுஷர் விடுகிறாரா பாருங்கள்!

தலைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வேற ஒருத்தரோட ஓடட்டும். வழிகாட்டி மாறியும் ஓட்டம் மாறலைன்னா, ஓட்டம் அவங்களோடது. சம்மதமா?"

பழகாத ஆளோடு பார்வையில்லாத பெண் ஓடுவதென்றால் விளையாட்டா? வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் பாப்பா, "சம்மதம்" என்றாள். அடுத்து இன்னொரு குரல் கேட்டது.

"எனக்கு ஓட்டம் வராது. பரவாயில்லையா?" மலைதான். கோட்டைக் கழற்றி மனைவி கையில் கொடுத்துவிட்டு முன்னால் வந்து நின்றார்.

"ஏங்க, நீங்க இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"கயிறு எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம்."

பாப்பா முதலில் அவரோடு வராண்டாவை ஒருமுறை நடந்து பார்த்தாள். சுவரை விரலால் தொட்டுக்கொண்டே போனாள். திரும்பி வந்து, "அண்ணி, நீங்க அந்தக் கடைசியில போய் நில்லுங்க. கூப்பிடாதீங்க. கடைசி ஓட்டத்துக்கு மட்டும் சொன்னாப் போதும்" என்றாள். நான் போய் நின்றேன். வாயை மூடிக்கொண்டு நிற்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும்.

தலைவி கை தட்டினார். பாப்பா கிளம்பினாள்.

மலையும் கிளம்பினார், பாவம். நாலு எட்டுக்குத் தாக்குப்பிடித்தார். அப்புறம் கயிறு விறைத்தது. இழுத்துக்கொண்டு ஓடியது என் பாப்பா! உலகமே பார்த்து வியந்த அந்த உடம்பு அவள் பின்னால் தடதடவென்று வந்தது. பாதி வழியில் அவருக்கு மூச்சு வாங்கி, விரலிலிருந்து கயிறு நழுவிவிட்டது. யாரோ "அய்யோ!" என்றார்கள். அவள் நிற்கவில்லை. வேகம் குறையவில்லை. தலை நிமிர்ந்து, கையில் தொங்குகிற வெறுங்கயிறோடு, தனியாக, முழு ஓட்டம் ஓடி வந்தாள். அவளை எதிரிலிருந்து நான் பார்த்தது அதுவே முதல் தடவை. எப்போதும் பக்கத்தில் ஓடியவளுக்கு அந்த முகம் எப்படித் தெரிந்திருக்கும்? அப்படி ஒரு சந்தோஷம் அதில்.

"பால் பொங்குதுடி, ஓடு!" என்று கத்தினேன். ஓடி வந்து என் மேலேயே மோதினாள். இரண்டு பேரும் தரையில் விழுந்தோம். "அடுப்பை அணை, அடுப்பை அணை!" என்று நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

"கயிறு விட்டது தெரிஞ்சுதாடி?"

"தெரிஞ்சுது. பாதியில நின்னு என்ன பண்றது அண்ணி?"

மலை சுவரில் சாய்ந்து புஸ் புஸ் என்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். "எனக்கு மூச்சு வரட்டும், அப்புறம் எனக்காக நானே வாதாடிக்கிறேன்" என்றார். கேப்டன் நெற்றியில் இன்னும் என் துப்பட்டா. அதை மறந்தே போய், "எனக்குச் சந்தேகம் தீர்ந்துதும்மா" என்றார்.

விருது பாப்பாவுக்குத்தான். சேதி வந்ததும் மலை எங்கள் கடைக்கே வந்து வாழ்த்திவிட்டு, கோட்டுக்குத் தோள்பட்டையைப் பிரித்துவிடச் சொல்லிக் கொடுத்துப்போனார். என் வீட்டுக்காரருக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை. பஸ் கண்ணாடியில் மலைக்குப் பக்கத்தில் தங்கை படத்தையும் ஒட்டினார்.

விழா மண்டபத்தில் ஒரு விதி. விருது வாங்குபவர் மட்டும்தான் மேடையேற வேண்டும். பாப்பாவைக் கைபிடித்து அழைத்துப்போக ஒரு சீருடை அதிகாரியை நிறுத்தியிருந்தார்கள். நானும் என் வீட்டுக்காரரும் கூட்டத்தின் கடைசி வரிசைகளில் எங்கேயோ உட்கார்ந்திருந்தோம்.

ஒலிபெருக்கியில் அவள் பெயர் வந்தது. முழுப் பெயர், என் மாமனார் வைத்த பெயர். அதோடு நின்றது.

பாப்பா நகரவில்லை.

அதிகாரி காதில் ஏதோ சொன்னார். அப்போதும் நகரவில்லை. மண்டபத்தில் கிசுகிசுப்பு எழுந்தது. "பயந்துட்டாளா?" என்று என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்தார். பயமாவது ஒன்றாவது. எனக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை வருஷமும் அவள் பெயருக்கு அடுத்து என் பெயர் வரும், அது வந்த பிறகுதான் இரண்டு பேரும் சேர்ந்து அடி எடுத்து வைப்போம். அந்தப் பழக்கத்தில் பைத்தியக்காரி என் பெயருக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறாள்!

என்னால் உட்கார முடியவில்லை. நாற்காலி மேல் ஏறி நின்றேன்.

"பாப்பா! பால் பொங்குதுடி!"

மண்டபமே திரும்பி என்னைப் பார்த்தது. பாப்பா மட்டும் திரும்பவில்லை. தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். அடுத்த நொடி கிளம்பிவிட்டாள். அந்தச் சீருடை அதிகாரி, தொப்பியைப் பிடித்துக்கொண்டு, அவள் இழுத்த இழுப்புக்குப் படியேறிப் போனார். கோட்டை அவள்தான் முதலில் தாண்ட வேண்டும் என்பது எங்கள் சட்டம். அன்றைக்கு அவள் மட்டுமே தாண்டினாள். எனக்கு வருத்தம் வரும் என்று பார்த்தேன், வரவே இல்லை.

விருதைக் கையில் வாங்கி, விளிம்பெல்லாம் தடவிப் பார்த்தாள். அப்புறம் ஒலிபெருக்கியைக் கையால் தேடிப் பிடித்தாள்.

"அண்ணி, அடுப்பை அணைச்சாச்சு."

அவ்வளவுதான் பேசினாள். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் கை தட்டினார்கள். என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டே என் பக்கம் குனிந்தார்.

"ஏன்டி, அடுப்பை எரியவிட்டுட்டா வந்தீங்க?"

"ஆமாங்க, இத்தனை வருஷமா எரிஞ்சுது" என்றேன். "பேசாம கை தட்டுங்க."