யாரும் சாகவில்லை

விடியற்காலை ஐந்து மணிக்கு இஸ்திரி உருளை நல்ல சூட்டில் இருக்கும். முன்பக்கம் ஈரத்தோடு போகிற படுக்கை விரிப்பு பின்பக்கம் தகடு போல விறைத்து வெளியே வரும். ஆறவிட நேரமில்லை. இரண்டு மூலைகளை நானும் இரண்டை எனக்கு ஜோடியாக வேலை செய்கிற அக்காவும் பிடித்து, உதறி, எதிரெதிரே நடந்து வந்து சேர்ப்போம். என் கையிலிருப்பதை அக்கா வாங்கிக்கொள்வார். நான் குனிந்து மடிப்பைப் பிடித்துப் பின்னால் நகர்வேன். ஒரு ஷிப்டுக்கு எழுநூறு விரிப்பு. எழுநூறு முறை நெருங்கி, எழுநூறு முறை விலகுவோம்.

ஆறு வருடமாக இப்படி. அக்காவின் இடது புருவத்தில் ஒரு தழும்பு இருப்பது தெரியும். எப்படி வந்தது என்று தெரியாது. உருளைச் சத்தத்தில், மூக்கும் மூக்கும் இடிக்கிற தூரத்தில்தான் ஒரு சொல் கேட்கும். அதற்குள் விலக வேண்டியிருக்கும்.

நான் இருபது வயதில் கல்லூரியிலிருந்து நின்றவன். காரணம் எல்லா வீட்டிலும் இருக்கிற காரணம்தான். முப்பத்தைந்தில் தொலைநிலைக் கல்வியில் மறுபடி சேர்ந்தேன். பகலெல்லாம் தூங்குகிறவன் வீட்டில் தபால்காரர் தட்டினால் யார் திறப்பது? சலவை ஆலையின் விலாசத்தைக் கொடுத்தேன். அது முதல் தப்பு. கேட் காவலாளி புத்தகப் பார்சலைப் பிரித்துப் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து என் பெயர் கலெக்டர். "கலெக்டர் ஐயா, அந்த மூட்டையக் கொஞ்சம் தூக்குறீங்களா?" சிரிப்பு ஓய ஒரு வருடம் ஆனது. பெயர் ஓயவில்லை.

அந்தக் கல்வியில் தொலைவுக்கு மட்டும் குறைவில்லை. என் ஆசிரியர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை. ஒருவர் வெறும் சிவப்பு மை. 'விளக்கம் போதாது' என்று எழுதி அனுப்புவார். இன்னொருவர் போனில் ஓடுகிற பாடத்தில் ஒரு குரல். நடுவில் இருமுவார். எந்த இடத்தில் இருமுவார் என்பதுகூட எனக்கு மனப்பாடம். ஒரு நாள் "தண்ணி குடிங்க சார்" என்று சொல்லிவிட்டேன். அறையில் வேறு யாருமில்லை. பொருளியலில் எழுபத்தொன்று வாங்கிய அன்று தங்கைக்குப் போன் செய்தேன். "இந்த வயசுல எதுக்குண்ணே இதெல்லாம்? அடுப்புல வச்சிருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள். அப்புறம் பேசவில்லை. மதிப்பெண் தாளை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துத் தூங்கினேன்.

மூன்று வருடப் படிப்பை ஆறு வருடத்துக்குள் முடிக்க வேண்டும். இது ஆறாவது வருடம். புள்ளியியல் மட்டும் பாக்கி. இரண்டு முறை தோற்றிருக்கிறேன். ஒரு முறை மூன்று மதிப்பெண்ணில். இன்னொரு முறை விடைத்தாளின் மேலேயே தூங்கிப்போனேன். இந்த முறையும் விட்டால் எல்லாத் தாளும் செல்லாது. வியாழக்கிழமை, காலை பத்து மணி.

ஆனால் காலை ஆறு மணிக்கு முடிய வேண்டிய இரவு ஷிப்ட் இந்த மாதம் பத்துவரை இழுத்தது. முதலாளி புதிதாக இரண்டு ஹோட்டல்களைப் பிடித்திருந்தார். ஆள் பிடிக்கவில்லை.

இரண்டாவது தப்பு திங்கட்கிழமை நடந்தது. நீராவி குறைந்தாலோ பெல்ட் அறுந்தாலோ உருளை பத்து நிமிடம் நிற்கும். எனக்கு அதுதான் படிக்கிற நேரம். எண்ணிக்கை எழுதி மூட்டைகளில் குத்துகிற அட்டைச் சீட்டின் பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். அதில் கணக்குப் போடுவேன். அன்று 'சராசரி 64' என்று எழுதி முடிக்கவும் உருளை ஓடத் தொடங்கவும் சரியாக இருந்தது. அவசரத்தில் அந்தச் சீட்டையே, எழுதிய பக்கம் வெளியே தெரிய, நாற்பது விரிப்பு இருந்த மூட்டையில் குத்திவிட்டேன்.

செவ்வாய் காலை ஆறு மணிக்கு முதலாளி சீட்டோடு வந்தார்.

"அறுவத்தி நாலுன்னு போட்டிருக்கு. உள்ள நாப்பதுதான் இருக்குன்னு ஹோட்டல்காரன் கத்துறான். மிச்சத்த யாரு தின்னது?"

"யாரும் திங்கல சார். வச்சதே நாப்பதுதான். அது என் பரீட்சைக் கணக்கு," என்றேன்.

சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சராசரியா? இங்க அதெல்லாம் பாக்க நான் இருக்கேன். நீ மடிச்சாப் போதும்."

"வியாழக்கிழமை மட்டும் ஆறு மணிக்கு விட்டுடுங்க சார். பத்து மணிக்குப் பரீட்சை."

"இந்த மாசம் யாராவது செத்தாத்தான் லீவு. அதுக்கும் சர்டிபிகேட் வேணும்." எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "வருஷா வருஷம் இதே மாசத்துல உங்க வீடுகள்ல கொத்துக் கொத்தா சாவு விழுது. நான் என்ன கேணயனா?"

பாய்லர்காரர் தரையைப் பார்த்தார். முதலாளி சீட்டை மேசைமேல் வீசிவிட்டுப் போனார். அக்கா அதை எடுத்துப் பார்த்துவிட்டு வந்தார். உருளை மறுபடி சுற்றியது.

நெருங்கினோம். "தப்பு," என்றார் அக்கா.

விலகினோம். நெருங்கினோம். "என்னக்கா தப்பு?"

"கணக்கு."

அடுத்த விரிப்பு. "அம்பத்தி நாலுதான் வரும். நூற ரெண்டு தடவ கூட்டிட்ட."

அடுத்த விரிப்பு. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் வியாழக்கிழம அதே பேப்பர்தான்."

விரிப்பு என் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. ஆறு வருடத்தில் முதல் தடவை.

பத்து மணிக்குக் கை கழுவுகிற தொட்டியருகே அக்காவைப் பிடித்தேன். "அப்ப போன வருஷம் உங்க மாமியார் செத்தது?"

"நல்லா இருக்காங்க. நேத்துகூட என்னோட சண்ட."

"அதுக்கு முந்தி பெரியப்பா?"

"எனக்குப் பெரியப்பாவே கிடையாது."

அந்தப் பெரியப்பாவுக்காக நான் ஒரு நிமிடம் மௌனமாக நின்றிருக்கிறேன். அக்காவின் தோளைத் தொட்டு, "மனசத் தேத்திக்கங்க" என்றுகூடச் சொன்னேன்.

பாய்லர்காரர் பக்கத்துக் குழாயில் முகம் கழுவிக்கொண்டே சொன்னார்: "பரீட்சைக்காக நான் சாகடிச்சது ரெண்டு அண்ணன், ஒரு அத்தை. எங்க வீட்ல இனிமே சாக ஆள் இல்ல."

"நீங்களுமாண்ணே? ஏன் யாரும் எங்கிட்டச் சொல்லல?"

"ஒரு கலெக்டர் பட்ட பாடு போதாதா?" என்றார் அக்கா. "உன்னப் பாத்து எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான் சிரிச்சேன். அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது?"

வாசலில் நின்ற காவலாளி தொண்டையைச் செருமினார். "உன் பார்சலப் பிரிச்சேன்ல, அதுல இருந்த காலேஜ் விலாசத்த எழுதி வச்சுக்கிட்டேன். இப்ப ரெண்டாவது வருஷம். வியாழக்கிழம எனக்கும் பரீட்சை. மனசுல வச்சுக்காத கலெக்டரு."

மனசில் வைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. ஒரு வருடச் சிரிப்பு, ஆறு வருடப் பெயர். ஆனால் அவர் சட்டைப் பையில் பேனா இருந்தது. அதைக் கேட்டு வாங்கினேன்.

"சர்டிபிகேட்டுக்கு எங்க போறது?" என்றார் பாய்லர்காரர்.

"யாரும் சாக வேணாம்," என்றார் அக்கா. "உள்ளத எழுதுவோம்."

மூட்டைச் சீட்டின் வெள்ளைப் பக்கத்தில் எழுதினேன்: 'எங்கள் வீடுகளில் யாரும் சாகவில்லை. வியாழக்கிழமை எங்களுக்குப் பரீட்சை. ஆறு மணிக்குப் போகிறோம்.'

"'போக அனுமதி வேண்டும்'னு போடு," என்றார் காவலாளி.

"ஆறு மணிக்கு மேல நம்ம நேரம். அதுக்கு எதுக்கு அனுமதி?" என்றார் அக்கா. 'போகிறோம்' அப்படியே இருந்தது.

நாலு பேர் கையெழுத்துப் போட்டோம். துவைக்கிற டிரம்முக்குச் சலவைச் சோடா கொட்டுகிறவர் அதுவரை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவரைச் சோடா என்றே கூப்பிடுவோம். எங்கள் கையிலிருந்து சீட்டை வாங்கினார்.

"உனக்கு என்ன பரீட்சை?" என்றார் பாய்லர்காரர்.

"எனக்கு எழுதவே வராது. எம் பொண்ணு பிரசவத்துக்குக்கூட எங்கம்மாவச் சாகடிச்சிட்டுத்தான் போனேன். ஒரு தடவையாவது உண்மையச் சொல்லிட்டுப் போகணும்."

பேனா மையைக் கட்டை விரலில் தடவி அழுத்தினார். சோடா அரித்துத் தேய்ந்த விரல். ரேகை இல்லாத நீல வட்டம் விழுந்தது. அன்று மாலைக்குள் இரவு ஷிப்டின் பதினோரு பேரும் சீட்டில் இருந்தார்கள்.

புதன் காலை முதலாளி அதைப் படித்தார். "இது லெட்டரா, மிரட்டலா?"

"உண்ம சார்," என்றார் அக்கா.

"நாலு பேருக்குப் பரீட்சை. பதினோரு பேரு எதுக்கு?"

"ஒத்த ஆளா நின்னு விரிப்பு மடிக்க முடியாது சார்," என்றார் சோடா. "ஜோடி போயிட்டா நாங்க மட்டும் நின்னு என்ன செய்ய? ஆறு மணிக்கு எல்லாரும் நிறுத்துறோம்."

"போறவன் போகலாம். ஆனா சாயங்காலம் கேட்டு தொறக்காது."

"சாவி எங்கிட்டதான் சார் இருக்கு," என்றார் காவலாளி, ரொம்பப் பணிவாக.

யாரோ சிரித்தார்கள். முதலாளி கையை நீட்டினார். காவலாளி சாவிக்கொத்தைக் கொடுக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

வியாழன் ஆறு மணி. பாய்லர்காரர் வால்வைத் திருப்பினார். நீராவி சீறி அடங்கியது. உருளை மெதுவாகி நின்றது. அந்த அமைதியில் கடைசி விரிப்பை நானும் அக்காவும் மடித்தோம். துணியோடு துணி உரசுகிற சத்தத்தை அன்றுதான் கேட்டேன். "சைக்கிள்ல விழுந்தது," என்றார் அக்கா திடீரென்று, புருவத்தைத் தொட்டு. "ரொம்ப நாளா பாத்துக்கிட்டே இருக்கியே."

கேட்டுக்கு வெளியே ஏழு பேர் நின்றுகொண்டார்கள். "எழுதிட்டு வாங்க. பத்து மணிக்குப் பகல் ஷிப்ட் வரும், நான் பேசறேன்," என்றார் சோடா.

பஸ்ஸில் காவலாளி என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டார். ஆறு வருடத்தில் என்னிடம் பாடத்தில் சந்தேகம் கேட்ட முதல் ஆள். எனக்குப் பதில் தெரிந்திருந்தது.

தேர்வுக்கூடத்தில் அக்கா எனக்கு இரண்டு வரிசை முன்னால். வினாத்தாள் வருவதற்குள், விரிப்பின் சூடு பட்ட விரல் நுனிகளை வாயருகே வைத்து ஊதிக்கொண்டார். நானும் ஊதிக்கொண்டேன். மூன்றாவது கேள்வி சராசரி. கூட்டினேன். எதையாவது இரண்டு தடவை சேர்த்தேனா என்று மறுபடி கூட்டினேன்.

தேறுவேனா, தெரியாது. ஒரு மணிக்கு வெளியே வந்தபோது மூன்று பேரும் மதிலோரம் காத்திருந்தார்கள். சோடாவிடமிருந்து போன் வந்திருந்தது. பகல் ஷிப்டில் பாதிப் பேர் உள்ளே போகவில்லையாம். முதலாளி கேட்டில் புதுப் பூட்டுப் போட்டுவிட்டாராம்.

"பெரிய பூட்டா?" என்றார் காவலாளி.

"போய்ப் பாப்போம், வா," என்றார் அக்கா.

நடந்தோம். நானும் அக்காவும் இந்த முறை எதிரெதிரே இல்லை. ஒரே பக்கமாக, கேட்டை நோக்கி.